மேலூரில் இருந்துகொண்டு அழுங்கு கேட்கிறீர்கள்!

கேள்வி: கோடை லீவில் பிள்ளைகளை வண்டலூருக்குக் கூட்டிப்போனேன். புலி, சிங்கம் எல்லாம் சரி. நாங்கள் போனபோது அழுங்கு (எறும்புத்தின்னி), தேவாங்கு மாதிரி அபூர்வமானது எதுவும் கண்ணில் படவில்லை. இவற்றைக் கூண்டில் வைத்துக் காட்ட என்ன கஷ்டம்? மதுரையில் ஒரு பூங்கா திறந்தால் என்ன? (வாசகர், மேலூர்)

பதில்: கேள்வி மேலூரிலிருந்து வந்ததுதான் வேடிக்கை. உங்கள் தாலுகாவில்தானே அரிட்டாபட்டி இருக்கிறது? 2022-இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள், டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாமென்று உங்கள் பக்கத்து ஜனம் மதுரை வரை பேரணியாக வந்தது, அதே ஊர். நீங்கள் கேட்ட இரண்டுமே அங்கே இருக்கின்றன. அதை விட்டுவிட்டு வண்டலூர் வரை பஸ் ஏறியிருக்கிறீர்கள்.

அழுங்குக்குப் பல் கிடையாது. புற்றைக் கீறி, நாக்கை நீட்டி எறும்பும் கரையானும் தின்றே பிழைக்கிற ஜீவன். சிங்கத்துக்கு எடைபோட்டு இறைச்சி போடலாம், தினமும் புற்றுக்கு எங்கே போவது? வேறு தீனிக்குப் பழக்குவதற்குள்ளேயே பல செத்துப்போயிருக்கின்றன. ஒடிசாவில் நந்தன்கானனில் வளர்த்துக் குட்டியும் போட வைத்திருக்கிறார்கள், ஆனால் அதற்கென்றே தனி மையம் அமைத்துப் பாடுபட்டார்கள். அப்படியே வளர்த்தாலும் பகலெல்லாம் தூங்கும், பயந்தால் சுருண்டுகொள்ளும். டிக்கெட் எடுத்தவருக்குத் தெரிவது ஒரு செதில் உருண்டை.

தேவாங்கும் ராத்திரி ஆள்தான். ஒரு காலத்தில் கயிற்றில் கட்டித் தெருத்தெருவாகக் கொண்டுவந்து ஜோசியம் பார்த்தார்கள். ஒல்லிப் பையனைத் திட்டுவதற்கும் நமக்கு அந்தப் பேர்தான் கிடைத்தது. 2022-இல்தான் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக்கினார்கள். நாட்டிலேயே தேவாங்குக்கென்று அமைந்த முதல் சரணாலயம் அது.

அபூர்வம் என்றால் நான் சொல்வது ஒரு தவளையை. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து மலையில் கண்டுபிடித்து, 2017-இல் தனி இனம் என்று எழுதினார்கள். 2014-இல் அகத்தியமலையில் கள ஆய்வுக்குப் போன இடத்தில் இறந்த ஊர்வன ஆய்வாளர் பூபதியின் பெயரையே அதற்கு வைத்தார்கள். பன்றி மூஞ்சி, உப்பிய உடம்பு, வருஷம் முழுக்க மண்ணுக்குள் வாசம். மழை பிடித்ததும் சில நாள் மேலே வந்து இணை சேர்ந்து முட்டையிட்டுவிட்டு மறுபடி உள்ளே போய்விடும். அதன் தலைப்பிரட்டைகள் வாயாலேயே பாறையைக் கவ்விக்கொண்டு, புரட்டிப்போடுகிற ஓடைத் தண்ணீரில் வளர்கின்றன. நெருங்கிய சொந்தக்காரத் தவளைகள் இருப்பது எங்கே தெரியுமா, சீஷெல்ஸ் தீவுகளில்! இந்தியாவும் அந்தத் தீவுகளும் ஒரே நிலமாக ஒட்டியிருந்த காலத்து உறவு. இதைக் கூண்டில் வைத்தால் பெயர்ப்பலகையையும் ஒரு மண் குவியலையும்தான் பார்த்துவிட்டு வருவீர்கள்.

மதுரைக்குப் பூங்கா வரட்டும், மான் மயில் பார்க்கலாம். அதுவரைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளோடு அரிட்டாபட்டிக்குப் போய், ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கீறிப்போட்ட புற்று ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். ராத்திரியில் டார்ச் அடித்துத் தேடப் போய் வனத்துறையிடம் மாட்டிக்கொண்டால் என் பேரை இழுக்காதீர்கள்.