கொருக்குப்பேட்டையிலிருந்து அருவிக்கு

அண்ணா, வணக்கம்.

நான் கொருக்குப்பேட்டை. மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை, வாரத்துக்கு ஒரு நாள் லீவு, அதுவும் ஞாயிறாக இருக்காது. மலையேறிப் போய் ஆள் நடமாட்டமே இல்லாத அருவிகளைப் பார்க்கணும் என்று ரொம்ப நாளாக ஆசை. ஃபிரெண்ட்ஸ் குரூப்பில் பிளான் போட்டால் எல்லாரும் ‘வரேன் மச்சி’ என்பார்கள், முதல் நாள் ராத்திரி ஒவ்வொருத்தனாகக் கழன்றுகொள்வான். இந்தத் தடவை பையை மாட்டிக்கொண்டு தனியாகவே கிளம்பலாம் என்றிருக்கிறேன். அம்மா விடவே மாட்டேன் என்கிறார். எனக்கு நன்றாக நீச்சல் தெரியும், காசிமேட்டில் கற்றது. ரீல்ஸில் வராத அருவியை எப்படிக் கண்டுபிடிப்பது? டென்ட் வாங்கலாமா? தனியாகப் போவது சரியா, தப்பா?

க.

அன்புள்ள க.,

போங்கள். நாலு பேருக்கு லீவு ஒத்துவரும் நாளுக்காகக் காத்திருந்தால் கல்யாணம் ஆகிவிடும். ஆனால் தனியாகப் போவதென்றால் கடைசி ஊர் வரைக்கும் தனியாக. ரயில், ஷேர் ஆட்டோ, டீக்கடை, தார் ரோடு முடிகிற இடம், அதுவரை உங்கள் இஷ்டம். அதற்கு மேல் காட்டுக்குள் அந்த ஊர்க்காரர் ஒருவர் முன்னால் நடக்கட்டும், நாள் கூலியைப் பேசிக் கொடுத்துவிடுங்கள். இதில் மட்டும் நான் பிடிவாதக்காரன்.

ஆள் இல்லாத அருவி என்று ஒன்று கிடையாது தம்பி. முள்ளில் சட்டையைக் கிழித்துக்கொண்டு போய் நிற்பீர்கள், மடுவை ஒட்டிய பாறையடியில் மஞ்சள் பூசிய ஏழு கல் வரிசையாக இருக்கும், கன்னிமார். பக்கத்தில் கற்பூரம் எரிந்த கறை, உடைந்த வளையல். ஆடு மேய்ப்பவருக்கும் தேன் எடுப்பவருக்கும் தெரியாமல் மலையில் தண்ணீர் விழாது. அவர்களிடம் கேட்பதுதான் குறுக்குவழி.

ஆனால் எந்த ஊரில் போய்க் கேட்பது? அதற்கு வரைபடம் வேண்டும். மரம் மூடிய பள்ளத்தாக்கில் சாட்டிலைட் படத்தில் ஒன்றும் தெரியாது, பச்சைதான் தெரியும். சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 டோபோ ஷீட்டை, அதாவது மேடு பள்ளம் காட்டும் வரைபடத்தைப் பாருங்கள், அதில் இரண்டு சென்டிமீட்டர் என்பது தரையில் ஒரு கிலோமீட்டர். ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைத்துப் பழுப்பு நிறத்தில் ஓடுகிற உயரக்கோடுகளில் அடுத்தடுத்த இரண்டுக்கு நடுவே பொதுவாக 20 மீட்டர் வித்தியாசம். ஓர் ஓடையைப் பிடித்துக் கீழேயிருந்து மேலே விரலை வைத்துக்கொண்டே போங்கள். உயரக்கோடுகள் அதுவரை இடைவெளி விட்டுவிட்டு ஓடையைத் தாண்டிக்கொண்டிருக்கும், திடீரென்று ஓரிடத்தில் நாலைந்து கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தாண்டும். அங்கே தண்ணீர் விழுந்துதான் ஆக வேண்டும், வேறு வழியில்லை. ஓடையைக் கறுப்பில் போட்டிருந்தால் வெயில் காலத்தில் காய்ந்துவிடும் என்று அர்த்தம், நீலம் என்றால் நம்பலாம். அப்புறம் அந்த இடத்துக்கு மேலே எத்தனை கிளை ஓடைகள் வந்து சேர்கின்றன என்று எண்ணுங்கள். நிறைய இருந்தால் மழை விட்டு ஒரு மாதம் கழித்துப் போனாலும் தண்ணீர் இருக்கும். ஒன்றிரண்டுதான் என்றால் மழை விட்ட கையோடு வற்றிவிடும். இதையெல்லாம் பார்க்க ஒரு ராத்திரி ஷிப்டின் டீ பிரேக் போதும், எனக்கு மலையேறுவதைவிட இந்த விரல் பயணம்தான் சில சமயம் அதிகம் பிடிக்கிறது.

உங்கள் ஏரியாவுக்கு ஒரு வசதி இருக்கிறது. கொருக்குப்பேட்டையில் சூலூர்பேட்டை வண்டி ஏறினால் தடாவில் இறங்கலாம், அங்கிருந்து வரதய்யபாளையம் வழியாக உப்பலமடுகு. நம்மாட்கள் தடா அருவி என்று சொல்வது அதைத்தான். வனத்துறை கேட்டில் கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார்கள். ரீல்ஸில் வந்து நாறிய இடம்தான், ஆனால் உங்களுக்கு லீவு வார நாளில் என்பதால் கூட்டம் குறைவாக இருக்கும், முதல் தடவைக்கு இது போதும். அடுத்து ஊத்துக்கோட்டை தாண்டி நாகலாபுரம் மலை, அதற்கு அந்தப் பக்கம் நாராயணவனம் அருகில் கைலாசகோனா. பொன்னேரி வழியாகப் போய்ப் பழவேற்காட்டில் சேருகிற ஆரணி ஆறு இந்தப் பக்கத்திலிருந்துதான் பிச்சாட்டூர், சுருட்டப்பள்ளி என்று இறங்கி வருகிறது. நமக்கு மழை கொடுக்கும் வடகிழக்குப் பருவமழையே இந்த மலைகளுக்கும் என்பதால் டிசம்பர் கடைசி, ஜனவரி நல்ல நேரம். குற்றாலக் கணக்கில் ஜூலையில் போய் நின்றால் பல இடங்களில் பாறையைத்தான் பார்ப்பீர்கள்.

இவையெல்லாம் ஆந்திரா. ஊர்க்காரர் ஒருவர் கூட வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு அதுவும் காரணம். இந்த மலைத் தொடர்களில் செம்மரம் இருக்கிறது, அதை வெட்டிக் கடத்துவதும் நடக்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரச் சிறப்புப் படை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள், தமிழ்நாட்டிலிருந்து போன கூலித் தொழிலாளிகள். காப்புக்காட்டுக்குள் முதுகில் பெரிய பையோடு, தமிழ் மட்டும் பேசிக்கொண்டு, அனுமதி இல்லாமல் ஒற்றை ஆளாக நடக்கிற பையனைப் பார்த்தால் ரோந்து வருகிறவருக்கு அருவி ஞாபகம் வராது. கேட் இருக்கிற வழியில் போங்கள், அனுமதி கேளுங்கள், ஆதாரைக் கையில் வையுங்கள். நம்ம பக்கத்திலும் சும்மா நுழைய முடியாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு விதிகள் இறுகிவிட்டன. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 பாதைகளைத் திறந்து வழிகாட்டியோடு அனுப்ப ஆரம்பித்தது, ஆன்லைனில் பதிவு செய்யலாம்.

நீச்சலுக்கு வருகிறேன். காசிமேட்டு நீச்சல் என்று படித்ததும் கொஞ்சம் பயந்தேன். கடல் தண்ணீர் நல்ல தண்ணீரைவிட நூற்றுக்கு இரண்டரை பங்கு கனம், அதனால் ஆளைத் தூக்கிக் கொடுக்கும். மடுவில் அந்த உதவி கிடையாது. அருவி விழுகிற இடத்தில் தண்ணீர் வெள்ளையாகப் பொங்குகிறதே, அதில் பாதி காற்று, எவ்வளவு கை வீசினாலும் பிடி கிடைக்காமல் உள்ளே இறங்கிக்கொண்டே இருப்போம். வெயிலில் ஏறி வந்த உடம்போடு அந்தக் குளிரில் குதித்தால் மூச்சு வேறு திணறும். இறங்கலாம், விழுகிற இடத்திலிருந்து தள்ளி, கால் தரையில் படுகிற ஆழத்தில். மேலேயிருந்து குதிப்பது கூடவே கூடாது, தண்ணீருக்குள் பாறை எங்கே இருக்கிறது என்று பழகியவருக்கே தெரியாது. தெளிவாக ஓடிய தண்ணீர் லேசாகக் கலங்கினாலோ, சருகும் குச்சியுமாக அடித்துக்கொண்டு வந்தாலோ, சத்தம் கனத்தாலோ, பையை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள். நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் அடிக்கலாம், மழை மேலே எங்கோ கொட்டியிருக்கும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் போனான், அத்தனை ஜனம் குளிக்கிற இடத்திலேயே.

பையில் என்ன வைப்பது என்பதற்குப் பெரிய பட்டியல் தேவையில்லை. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கால் நகராது, வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டு டிராக் பேன்ட் போதும். பைக்குள் ஒரு பெரிய கறுப்புக் குப்பைக் கவரை விரித்து அதற்குள் சாமான்களை வைத்துக் கட்டிவிட்டால் ரெயின் கவர் செலவு மிச்சம். விசில் ஒன்று. புளிசோறு கெடாது.

அம்மாவிடம் சண்டை போடாதீர்கள். எந்த வண்டி, எந்த ஊர், கூட வருகிறவர் பெயர், அவர் நம்பர், எத்தனை மணிக்குள் போன் வரும், வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும், இதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். காட்டுக்குள் நுழையும் முன் ஒரு போன், டவர் கிடைத்ததும் ஒரு போன்.

டென்ட் வாங்க வேண்டாம். அனுமதியில்லாமல் காப்புக்காட்டில் ராத்திரி தங்கவே கூடாது, உங்களுக்கு இருப்பதும் ஒரு நாள் லீவு. அந்தக் காசுக்கு அடியில் பல் வைத்த ஷூ வாங்குங்கள். திரும்பும் வண்டி நேரத்தைத் தடாவில் இறங்கும்போதே பார்த்து வையுங்கள், அந்த லைனில் ஒன்றை விட்டால் அடுத்ததற்கு ரொம்ப நேரம் பிளாட்பாரத்தில் உட்கார வேண்டியிருக்கும்.