வாசகர் கேள்வி – பதில்: குடியிருப்பவர்களே நிர்வாகத்தை ஏற்கும்போது

கேள்வி: என் தங்கை குடும்பத்தோடு அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் ஒரு 'மொபைல் ஹோம்' குடியிருப்பில் இருக்கிறாள். வீடு அவர்களுடையது, வீடு நிற்கும் நிலத்துக்கு மட்டும் மாத வாடகை கட்டுகிறார்கள். காணிக்காரர் முழு இடத்தையும் விற்கப்போவதாக இப்போது அறிவித்தல் வந்திருக்கிறது. குடியிருப்பவர்களே சேர்ந்து வாங்கி நடத்தலாம் என்று சிலர் வீடு வீடாகச் சென்று கையொப்பம் வாங்குகிறார்கள். பெருங்கடனில் மாட்டிக்கொள்வார்களோ என்று அம்மாவுக்குப் பயம். இது நம்பக்கூடிய காரியமா?
– வாசகி ஒருவர், கொட்டாஞ்சேனை

பதில்: நம்பலாம். அதிலும் உங்கள் தங்கை இருக்கும் மாநிலத்தில்தான் இந்த முறை வேரூன்றியது. 1984 ஆம் ஆண்டில் அங்குள்ள மெரெடித் என்ற ஊரில் 13 குடும்பங்கள் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்து, தங்கள் வீடுகள் நின்ற காணியை வாங்கின. அவர்களுக்குக் கடன் கொடுத்த நியூ ஹாம்ஷயர் சமுதாயக் கடன் நிதியம் அதன்பின் அதே மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட குடியிருப்புகள் இவ்வாறு கைமாற உதவியிருக்கிறது. 2008 இல் 'ரொக் யூ.எஸ்.ஏ.' என்ற அமைப்பு தொடங்கி இதை மற்ற மாநிலங்களுக்கும் கொண்டு சென்றது.

இந்தக் குடியிருப்புகளில் உள்ள சிக்கல் நம் ஊர்க்காரருக்கு உடனே பிடிபடாது. வீட்டுக்குச் சொந்தக்காரர் எதற்காகக் காணிக்காரருக்கு அஞ்ச வேண்டும், வீட்டை வேறிடத்துக்குக் கொண்டு போகலாமே என்று தோன்றும். தொழிற்சாலையில் செய்து இழுத்து வரப்படும் இந்த வீடுகள் ஒருமுறை நிலைநிறுத்தப்பட்டால் பெரும்பாலும் அசைவதில்லை. நகர்த்துவதற்குப் பல்லாயிரம் டொலர் செலவாகும். பழைய வீடு வழியிலேயே சிதைந்துவிடலாம். சிதையாமல் போய்ச் சேர்ந்தாலும் அதை ஏற்க இன்னொரு குடியிருப்பில் இடம் கிடைக்க வேண்டும். ஆகவே நில வாடகை எவ்வளவு உயர்ந்தாலும் கட்டுவதைத் தவிர அவர்களுக்கு வழியில்லை. முதலீட்டு நிறுவனங்கள் அண்மைக் காலத்தில் இத்தகைய காணிகளைத் தேடித் தேடி வாங்குவதற்கும் இதுவே காரணம்.

நியூ ஹாம்ஷயர் சட்டப்படி, காணிக்காரர் விற்பதற்கு முன் குடியிருப்பவர்களுக்கு 60 நாள் அறிவித்தல் கொடுக்க வேண்டும். அவர்கள் விலை சொன்னால் அதை நல்லெண்ணத்தோடு பரிசீலிக்கவும் வேண்டும். அவர்களுக்கே விற்றாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கையொப்பம் சேர்ப்பவர்கள் அவசரப்படுவது இந்தக் காலக்கெடுவினால்தான். அதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டாம்.

கடனைப் பற்றி அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள். வழக்கமாக அந்தக் கடனைப் பெறுவது சங்கம். ஈடாக வைக்கப்படுவது காணி. ஒவ்வொரு குடும்பமும் உறுப்புரிமைக்கென்று ஒரு சிறு தொகை கட்டும். பல இடங்களில் அதைத் தவணையாகவும் கட்டலாம். வீட்டை விற்று வெளியேறும்போது திரும்பப் பெறலாம். காணியின் விலை ஏறியதால் உறுப்புரிமையை இலாபத்துக்கு விற்க முடியாது, அந்த இலாபம் சங்கத்தில்தான் தங்கும். வீட்டுக்கு ஒரு வாக்கு. சேர விரும்பாதவர்கள் வாடகை கட்டிக்கொண்டு தொடர்ந்து இருக்கலாம், வாக்கு மட்டும் கிடையாது. இவை பொதுவான நடைமுறைகள். தங்கையின் சங்கத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை அதன் யாப்பை (சங்க விதிகளை) வாங்கிப் படித்தே உறுதிசெய்ய வேண்டும்.

கையொப்பமிடு முன் அவர் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி நிலத்துக்கு அடியில் இருக்கிறது. இத்தகைய குடியிருப்புகள் பலவற்றில் குடிநீர்க் குழாய், கழிவுநீர்த் தொகுதி, உள்வீதி எல்லாம் காணிக்காரரின் பொறுப்பு. பழைய காணிக்காரர் முப்பது ஆண்டு ஒட்டுப்போட்டுச் சமாளித்த குழாய்கள், காணி கைமாறிய மறுநாள் முதல் சங்கத்தின் குழாய்களாகிவிடும். நன்றாக நடத்தப்படும் கொள்வனவில் ஒரு பொறியியலாளர் இவற்றைப் பரிசோதித்து அறிக்கை தருவார். திருத்தச் செலவும் கடன் தொகைக்குள் சேர்க்கப்படும். அறிக்கை திருப்தியாக இல்லாவிட்டால் விலகிக்கொள்ளும் நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்கும். இந்த மூன்றும் இருந்தால் என் யோசனை, சேரலாம் என்பதே. அறிக்கையே இல்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கையொப்பமிடுவதற்கு முன் ஒரு சட்டத்தரணியைப் பார்க்கட்டும்.

கொள்விலையே கடனாக வருவதால், தொடக்கத்தில் மாத வாடகை சற்று உயரவும் கூடும். வாங்கினால் வாடகை குறையும் என்று எதிர்பார்ப்பவர்கள் பின்னர் சண்டை பிடிப்பார்கள். கிடைக்கும் நன்மை வேறு: வாடகை எவ்வளவு, எதற்காக உயர்கிறது என்பதை உறுப்பினர்களே வரவுசெலவைப் பார்த்துத் தீர்மானிப்பார்கள், காணியை அவர்கள் தலைக்கு மேலாக இன்னொருவர் விற்கவும் முடியாது.

கேள்வி: தெமட்டகொடையில் எங்கள் தொடர்மாடியில் 48 வீடுகள். கட்டிய கம்பனிதான் இன்றுவரை நிர்வாகம் செய்கிறது. மாதாமாதம் பராமரிப்புப் பணம் வாங்குகிறார்கள், கணக்குக் காட்டுவதில்லை. அடுத்த மாதம் கூட்டம் கூட்டி, செயற்குழு தெரிவு செய்து, நிர்வாகத்தைக் கையில் எடுக்க எண்ணியிருக்கிறோம். முதலில் எதைச் செய்ய வேண்டும்?
– வாசகர் ஒருவர், கொழும்பு 9

பதில்: கூட்டத்தைத் தள்ளிப்போடுங்கள். முதலில் ஒருவருடைய வீட்டு உறுதிப் பத்திரத்தை எடுத்து, ஒரு நொத்தாரிசிடம் கொடுத்து, உங்கள் கட்டடத்துக்குக் கூட்டாதன வரைபடம் (தனி வீடுகளையும் பொது இடங்களையும் பிரித்துக் காட்டும் வரைபடம்) காணிப் பதிவகத்தில் பதியப்பட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் தொடர்மாடி வீட்டு உரிமைச் சட்டமும், 1982 இலும் 2003 இலும் அதற்குக் கொண்டுவரப்பட்ட திருத்தங்களும் அந்த வரைபடத்தின் மேல்தான் நிற்கின்றன. அது பதியப்பட்டிருந்தால் வீட்டு உரிமையாளர்களைக் கொண்ட முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் ஒன்று சட்டப்படி உங்களுக்கு உண்டு. நீங்கள் எதையும் கைப்பற்ற வேண்டியதில்லை, உங்களுடையதை முறைப்படி இயங்கச் செய்தால் போதும். பதியப்படாவிட்டால், நீங்கள் தெரிவு செய்யும் செயற்குழு ஒரு நலன்புரிச் சங்கம் மட்டுமே. கம்பனி அதை மதிக்க வேண்டிய அவசியமில்லை. அந்த நிலையில் போக வேண்டிய இடம் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபை.

கம்பனிக்கு எதிரான கோபம் நியாயமானதுதான், ஆனாலும் கோபத்தில் சாவியை வாங்கியவர்கள் பலர் அதோடு கடனையும் வாங்கியிருக்கிறார்கள். நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கும் மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்கும் பொதுக் கணக்கில் நிலுவை உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் எப்போது முடிகிறது, அதன் தவணைகள் கட்டப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். கட்டடத்தின் தீக் காப்புறுதிப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். எல்லாரும் மறந்துவிடும் ஒன்று காவலாளியும் துப்புரவுப் பணியாளரும். அவர்கள் நேரடி ஊழியர்களாக இருந்தால், சம்பளத்தில் 12 வீதம் ஊழியர் சேமலாப நிதிக்கும் 3 வீதம் ஊழியர் நம்பிக்கை நிதிக்கும் தொழில்வழங்குநர் கட்டியிருக்க வேண்டும். கட்டாத ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு என்பதைக் கையளிப்பு ஆவணத்திலேயே எழுதிக்கொள்ளாவிட்டால், தொழில் திணைக்களத்திலிருந்து வரும் கடிதம் உங்கள் செயலாளர் பெயருக்குத்தான் வரும்.

கட்டடத்தின் குழாய், மின்கம்பி வரைபடங்களையும் விடாமல் கேட்டு வாங்குங்கள். சுவருக்குள் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று தெரியாமல் நான்காம் மாடிக் கசிவைத் தேடுவது, ஒவ்வொரு வீட்டுக் குளியலறையையும் உடைத்துப் பார்ப்பதில் போய் முடியும்.

பணத்தைப் பொறுத்தவரை, கூட்டுத்தாபனத்தின் பெயரில் இருவர் கையொப்பமிடும் வங்கிக் கணக்கு, ஒவ்வொரு கட்டணத்துக்கும் பற்றுச்சீட்டு, ஆண்டுதோறும் வெளியார் ஒருவரின் கணக்காய்வு என்பவை குறைந்தபட்சம். யார் எவ்வளவு கட்டுவது, யாருடைய வாக்குக்கு எவ்வளவு பெறுமதி என்பவை வரைபடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் குறிக்கப்பட்டுள்ள பங்குப் பெறுமதியைப் பொறுத்தவை. ஆகவே எல்லாருக்கும் ஒரே தொகை என்று கூட்டத்தில் கைதட்டித் தீர்மானித்துவிட வேண்டாம். மாதக் கட்டணத்தைக் குறைத்துக் காட்டி நல்ல பெயர் வாங்கும் ஆசை புதிய செயற்குழுவுக்குக் கட்டாயம் வரும். அதற்கு இடம் கொடுத்தால் லிஃப்ட் மோட்டர் எரியும் நாளில் வீட்டுக்கு வீடு இலட்சக் கணக்கில் கேட்க வேண்டிவரும். மேல்மாடியில் இருப்பவர் கட்டுவார், தரைத்தளத்தில் இருப்பவர் தனக்கு லிஃப்ட் எதற்கு என்பார். அன்றாடச் செலவுக்கு ஒரு கணக்கும், பெருந்திருத்தங்களுக்கு நிலையான வைப்பில் வேறொரு கணக்குமாகப் பிரித்து வையுங்கள்.

இன்னொன்று: அறிவித்தல்களும் கூட்டக் குறிப்புகளும் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். கொழும்புத் தொடர்மாடிகளில் பல செயற்குழுக்கள் உடைவது பணத்தால் அல்ல, தீர்மானம் என்னவென்று பாதிப் பேருக்குத் தெரியாமல் போவதால்தான் என்பது என் அபிப்பிராயம்.

கேள்வி: நாங்கள் கிராண்ட்பாஸில் ஒரு தோட்டத்தில் (சிறு வீடுகள் நெருங்கி நிற்கும் குடியிருப்பில்) மூன்று தலைமுறையாக இருக்கிறோம். காணி எங்களுடையது அல்ல. பொதுக் குழாயும் மலசலகூடமும் திருத்தப்படாமலே கிடக்கின்றன. நாங்களே நிர்வாகத்தை ஏற்க முடியுமா?
– வாசகி ஒருவர், கொழும்பு 14

பதில்: காணி இல்லாமல் அமெரிக்கக் குடியிருப்பைப் போலவோ தொடர்மாடியைப் போலவோ நிர்வாகத்தை ஏற்க முடியாது. எனினும் பொது வசதிகளை நடத்தும் உரிமையைத் தோட்டத்து மக்கள் முன்பு பெற்றிருக்கிறார்கள். 1980களில் பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தின்போது கொழும்புத் தோட்டங்களில் சமுதாய அபிவிருத்திச் சபைகள் அமைக்கப்பட்டன; கிணறு, குழாய், வடிகால், மலசலகூடம் போன்ற சிறு வேலைகள் வெளி ஒப்பந்தகாரருக்குப் பதிலாக அந்தச் சபைகளுக்கே ஒப்பந்தமாகக் கொடுக்கப்பட்டன. தம் வீட்டு வாசலில் ஓடும் வடிகாலைத் தாமே கட்டியவர்கள் சீமெந்தைத் திருட இடம் கொடுக்க மாட்டார்கள் என்பது அதன் எளிய பலம்.

உங்கள் தோட்டத்தில் அப்படியொரு சபை முன்பு பதியப்பட்டிருந்ததா என்று பெரியவர்களிடம் கேளுங்கள். இருந்தால் அதை மீண்டும் இயக்குவது புதிதாகத் தொடங்குவதைவிட எளிது. காணி யாருடையது என்பதை, அது நகர அபிவிருத்தி அதிகார சபையா, மாநகர சபையா, தனியாரா என்று, எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். மாநகர சபையிடம் திருத்த வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, மின்பட்டியல், வாக்காளர் இடாப்பு, பிள்ளைகளின் பாடசாலைப் பதிவு ஆகியவற்றின் பிரதிகளையும் ஒரு கோவையில் சேர்த்து வையுங்கள். நாளை தோட்டத்தையே அகற்றித் தொடர்மாடிக்கு அனுப்பும் பேச்சு வந்தால் அந்தக் கோவைதான் பேசும். அப்போது சதுரஅடியை மட்டும் கேட்காமல், உறுதி எப்போது கிடைக்கும், மாதக் கட்டணம் எவ்வளவு, லிஃப்டை யார் பராமரிப்பது என்பவற்றையும் இடம்மாறுவதற்கு முன்பே கேளுங்கள். 2001 இல் வனாத்தமுல்லையில் திறக்கப்பட்ட 671 வீடுகள் கொண்ட சகஸ்புர போன்ற பெருங்கட்டடங்களில் இவை சின்னக் கேள்விகள் அல்ல.

கேள்வி: எங்கள் மாடியில் மூன்று வீட்டுக்காரர் ஒரு வருடமாகப் பராமரிப்புப் பணம் தருவதில்லை. அவர்களின் தண்ணீரை வெட்டலாமா?
– வாசகர் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: வெட்ட வேண்டாம். அந்த வீட்டில் முதியவரோ கைக்குழந்தையோ இருந்தால் நியாயம் மறுநாளே அவர்கள் பக்கம் போய்விடும். பொலிஸில் முறைப்பாடும் வரும். நிலுவையை மாதவாரியாக எழுதி, கூட்டுத்தாபனத்தின் பெயரில் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வீட்டில் இருப்பவர் வாடகைக்காரர் என்றால் பிரதியை உரிமையாளருக்கு அனுப்புங்கள், கடன் அவருடையது. அதற்கும் பதிலில்லை என்றால் கடனாக வழக்குத் தொடர்ந்து அறவிட உங்கள் கூட்டுத்தாபனத்துக்கு வழியுண்டு. தண்ணீருக்கு ஒரே பொது மானி இருப்பதுதான் உங்கள் சச்சரவின் பாதிக் காரணம் என்றால், குழாய் அமைப்பு இடம் கொடுக்குமானால் வீட்டுக்கு வீடு தனி மானி பொருத்துவதற்கு ஒரு மதிப்பீடு எடுத்து அடுத்த பொதுக் கூட்டத்தில் வையுங்கள்.