தரம் 3 பிள்ளைகளுக்கு எழுத்து நொடி (எழுத்துகளை வைத்துப் போடும் விடுகதை) ஆக்குவது எப்படி?

விடையில் இருந்து பின்னோக்கி வாருங்கள். யாழ்ப்பாணம்–கண்டி ஏ9 வீதியில் உள்ள மாங்குளம் என்ற ஊரை எடுப்போம்: மா, ங், கு, ள, ம் என ஐந்து எழுத்து. முதல் இரண்டும் போனால் குளம். நொடி ரெடி: “ஏ9 வீதியில் ஐந்தெழுத்து ஊர், முதல் இரண்டை எடுத்தால் வயலுக்குத் தண்ணி தரும்.” ‘ஐந்தெழுத்து’ கட்டாயம் வேண்டும். “குளத்தில் முடியும் ஊர்” என்று மட்டும் கேட்டால் புளியங்குளம், கனகராயன்குளம் என்பார்கள், அதுவும் சரிதான்!

பிள்ளைகள் தடுக்குவது பெரும்பாலும் மெய்யெழுத்தில்தான். கப்பலை மூன்றெழுத்து என்பார்கள். புள்ளி வைத்த ப், ல் இரண்டையும் தனித்தனியாக எண்ண வேண்டும். ஆகவே எழுத்துக்கொரு மட்டைத்துண்டு வெட்டி அடுக்கக் கொடுங்கள். க, ப் இரண்டையும் அகற்றினால் ‘பல்’ தானாகத் தெரியும். ‘கடலை’யில் ‘கடல்’ எடுக்கச் சொல்லாதீர்கள். லை ஒரே எழுத்து, அதைப் பிய்க்க முடியாது.

“வேலியில் 10 காகம், ஒன்றுக்குக் கல்லெறிந்தால் மிச்சம் எத்தனை?” போன்ற ஏமாற்று நொடி ஒன்றிரண்டு போதும்.