ஒரே பக்கத்தில் எட்டுப் பேர்: கூட்டாக எழுதும் மென்பொருள் பற்றிய கேள்விகள்

எங்கள் வாசகர் வட்டத்தில் எட்டுப் பேர். கூட்டக் குறிப்பை எல்லோரும் ஒரே நேரத்தில் எழுத வேண்டும். சிலரிடம் மின்னஞ்சல் கணக்கே இல்லை. வழி உண்டா?

உலாவியிலேயே சேர்ந்து எழுத உதவும் ஈதர்பேட் என்ற மென்பொருள் போதும். கணக்கு வேண்டாம். பக்கத்தின் இணையச் சுட்டியைத் (லிங்க்) திறந்து, பெயரைப் போட்டு எழுதத் தொடங்கலாம். ஒவ்வொருவர் எழுத்தும் ஒரு நிறத்தில் தெரியும். 2008இல் ஆப்ஜெட் என்ற சிறு நிறுவனம் வெளியிட்டது. மறு ஆண்டு அந்த நிறுவனத்தை கூகுள் வாங்கியது. சேவையை மூடப்போகிறார்கள் என்றதும் பயனர்கள் கொந்தளிக்க, 2009 டிசம்பரில் நிரல், யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய அப்பாச்சி உரிமத்தில் வெளியே வந்தது. இன்று புழக்கத்தில் இருப்பது நோட்.ஜேஎஸ் என்ற நிரல் தளத்தில் புதிதாக எழுதிய வடிவம்.

சொந்தமாக நிறுவ வசதியில்லை என்றால், பிரான்சில் உள்ள ஃபிரமாசாஃப்ட் அமைப்பின் ஃபிரமாபேட் இருக்கிறது, இலவசம். தொடங்கும்போதே எவ்வளவு காலம் வைத்திருக்கும் பக்கம் வேண்டும் என்று தேர்ந்தெடுக்க வேண்டும்; அந்தக் காலம் முழுக்க யாரும் தொடாவிட்டால் பக்கம் போய்விடும். அப்புறம், பக்கத்துக்கு ‘கூட்டம்’ என்று பெயர் வைக்காதீர்கள். பெயரை ஊகிக்க முடிந்தவர் எவரும் உள்ளே வந்து எழுதலாம்.

இரண்டு பேர் ஒரே வரியில் தட்டினால் ஏன் குழம்புவதில்லை?

குழம்பத்தான் வேண்டும், குழம்பாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்த மென்பொருளின் முழு வேலையும். பக்கத்தில் ‘அவன் வந்தான்’ என்று இருக்கிறது. கணினிக்கு ‘தா’ ஓர் எழுத்தல்ல, ‘த’வும் கால் குறியும், மெய்யெழுத்தின் புள்ளியும் தனி. அப்படி எண்ணினால், இடைவெளியும் சேர்த்து இந்தத் தொடர் 12 குறிகள். நீங்கள் முன்னால் ‘நேற்று’ என்று எழுதி ஓர் இடைவெளி விடுகிறீர்கள்: 7 குறிகள். அதே நொடியில் நான் கடைசியில் முற்றுப்புள்ளி வைக்கிறேன். என் கணினி அனுப்பும் செய்தி, ‘12 குறிகளுக்குப் பின் புள்ளி வை’ என்பது. உங்கள் மாற்றம் முதலில் போய்ச் சேர்ந்துவிட்டால், என் செய்தியை அப்படியே நிறைவேற்றக் கூடாது. முற்றுப்புள்ளி ‘வந்தான்’ என்ற சொல்லுக்கு முன்னால் குத்தி நிற்கும். அதனால் பக்கத்தை வைத்திருக்கும் சர்வர் உங்கள் 7ஐக் கூட்டி, என் 12ஐ 19 ஆக்கிவிட்டுத்தான் வைக்கிறது.

செயல்மாற்றம் என்ற இந்த உத்தியை எல்லிஸ், கிப்ஸ் என்ற இருவர் 1989இலேயே எழுதிவிட்டார்கள். இன்னொரு வழி சிஆர்டிடி: அதில் ஒவ்வொரு குறிக்கும் மாறாத அடையாள எண் ஒன்று உண்டு, ‘இந்த எண்ணுக்கு அடுத்து வை’ என்றுதான் செய்தி போகும். இணைப்பு அறுந்து, பிறகு வந்து சேர்பவர்களுக்கு இது தோது. எனக்கு இதில்தான் மோகம் அதிகம், ஆனால் உங்கள் கூட்டக் குறிப்புக்கு எதுவானாலும் சரி.

யாரோ எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்துவிட்டார். போனது போனதுதானா?

இல்லை. ஈதர்பேட் ஒவ்வொரு மாற்றத்தையும் வைத்திருக்கிறது. மேலே கடிகாரப் பொத்தானை அழுத்தினால் காலக்கோடு வரும். அதைப் பின்னால் இழுத்து, அழிப்பதற்கு முந்தைய நிலையில் நிறுத்தி, நகலெடுத்து ஒட்டுங்கள். பதற்றத்தில் மற்றவர்கள் மேலே மேலே தட்டிக்கொண்டிருப்பார்கள், முதலில் அவர்களை நிறுத்துங்கள். யார் அழித்தது என்று நிறத்தை வைத்துச் சண்டைக்குப் போக வேண்டாம். எந்தப் பெயரையும் யாரும் இட்டுக்கொள்ளலாம், உலாவி ஆளை அடையாளம் காண வைத்திருக்கும் குக்கீயை அழித்துவிட்டு வந்தால் அதே ஆள் புது ஆளாகத் தெரிவார்.

ஊழியர்களின் புகார் மனுவைச் சேர்ந்து எழுதுகிறோம். சர்வர் நடத்துபவரும் படிக்கக் கூடாது.

அப்படியானால் ஈதர்பேட் வேண்டாம், சர்வரின் தரவுத்தளத்தில் உங்கள் வாசகம் திறந்தபடி கிடக்கும். கிரிப்ட்பேட் பாருங்கள். உங்கள் உலாவியிலேயே பூட்டித்தான் வெளியே அனுப்புகிறது. திறவுகோல் சுட்டியில் # குறிக்குப் பின்னால் இருக்கிறது, அந்தப் பகுதியை உலாவி சர்வருக்கு அனுப்புவதில்லை. ஆனால் சுட்டியே சாவி என்பதால், அதை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் குழுவில் உள்ள எல்லோர் கையிலும் சாவி. கடவுச்சொல்லும் சேர்த்து வைத்து, அதை வேறு வழியில் சொல்லுங்கள். மறந்தால் மீட்டுத்தர யாராலும் முடியாது.

லிப்ரேஆபிஸ் கோப்பிலேயே சேர்ந்து எழுத முடியுமா?

கணினியில் நிறுவியிருக்கும் லிப்ரேஆபிஸில் எதிர்பார்க்காதீர்கள். அதன் நிரலை வைத்தே உருவான கொலபொரா ஆன்லைனை, கோப்புகளைச் சர்வரில் சேமிக்கும் நெக்ஸ்ட்கிளவுட் என்ற மென்பொருளோடு இணைத்தால் முடியும்.

அலுவலகத்தில் பழைய கணினி ஒன்று சும்மா இருக்கிறது. அதில் ஈதர்பேட் ஓடுமா?

பத்துப் பதினைந்து பேருக்கு ஓடும். உலாவியில் 9001 என்ற போர்ட்டில் வரும். தொடக்க அமைப்பில் உள்ள தரவுக் கோப்பு சோதித்துப் பார்க்கத்தான். நிஜமாகப் பயன்படுத்தும் முன் போஸ்ட்கிரஸ், மரியாடிபி போன்ற முழுமையான தரவுத்தள மென்பொருளுக்கு மாறுங்கள். நானும் ‘அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்’ என்று விட்டு, ஒருநாள் மின்சாரம் போனபோது மூன்று வாரக் குறிப்பைப் பறிகொடுத்தவன்தான். பக்கங்களை அவ்வப்போது ஈதர்பேட் வடிவக் கோப்பாகவும் இறக்கி வைத்துக்கொள்ளலாம், அதில் வரலாறும் சேர்ந்தே வரும்.

கைபேசியில் தமிழில் தட்டினால் சில எழுத்துகள் இரண்டிரண்டாக விழுகின்றன. என் கைபேசியில் கோளாறா?

கைபேசி பாவம். விசைப்பலகை ‘நே’யை முடிக்காமல் அடிக்கோடிட்டுக் கையில் வைத்திருக்கும் நேரத்தில், வேறொருவர் செய்த மாற்றத்துக்காக ஈதர்பேட் அந்த வரியைப் புதிதாக வரைந்துவிடுகிறது. விசைப்பலகைக்கு நடந்தது தெரியாமல் மறுபடி எழுத்தைக் கொட்டுகிறது. சொல் பரிந்துரையை அணைத்துப் பாருங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் குறிப்புச் செயலியில் வரியை எழுதி ஒட்டுங்கள். நான் பயணத்தில் அப்படித்தான் செய்கிறேன்.