சாமநத்தம் கண்மாயில் பறவை காணோமா? மாதத்தை மாற்றுங்கள்

இடத்தை மாற்ற வேண்டாம். மதுரைக்குப் பக்கத்தில் உள்ள அதே சாமநத்தம் கண்மாய்க்கு ஜனவரி வாக்கில், விடிந்த கையோடு போங்கள்.

குழந்தைகளோடு மே மாத உச்சி வெயிலில் போய் ஒரு கொக்கைக்கூடக் காணவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெருகும் கண்மாய் கோடையில் வற்றும். மீன் இல்லாத இடத்தில் நாரைக்கு என்ன வேலை?

கிளம்பும் முன் உள்ளூர்க்காரர் யாரிடமாவது தண்ணீர் மட்டத்தைக் கேளுங்கள். தளும்பி நின்றாலும் நாரை இறங்காது; அதற்கு ஆழமில்லாத தண்ணீர்தான் வேண்டும். மஞ்சள் மூக்கு நாரை அலகைப் பாதி திறந்து, தண்ணீருக்குள் இடமும் வலமுமாகத் துழாவிக்கொண்டே நடக்கும். மீன் பட்டதும் வெடுக்கென்று மூடும். இதைக் குழந்தைகள் அவசியம் பார்க்க வேண்டும்! சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்படி கரையில் நில்லுங்கள்.

கருவேல முள் செருப்பைத் துளைக்கும், ஷூ கட்டாயம். மடைப் பக்கம் சேறு ஆழம், குழந்தைகளை இறங்க விடாதீர்கள்.

கடற்கரையும் வேண்டுமென்றால் ராமநாதபுரம் பக்கம் அரியமான் நல்லது, சவுக்கு நிழல் உண்டு. மதுரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் என்பதால் அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.