பொது ஷீட்டில் தேவையில்லாத நிரைகளை மறைப்பதா, நீக்குவதா?

நாலைந்து பேர் சேர்ந்து திருத்தும் கூகுள் ஷீட்டில் பழைய நிரைகள் இடைஞ்சலாக இருக்கின்றன, மறைத்தால் மற்றவர்களுக்கும் மறையுமா, பேசாமல் நீக்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் என்னைப்போல ஏதோ ஒரு சங்கத்துக்கோ கோயிலுக்கோ பட்டியல் வைத்திருப்பவர் என்று நினைத்துக்கொண்டு சொல்கிறேன். நீக்கவே வேண்டாம். கையால் மறைக்கவும் வேண்டாம், ஏனென்றால் அது எல்லாருக்கும் மறையும்.

நான் இலங்கையில் மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரைக்காரி. எங்கள் ஊர்க் கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிச் சடங்கின்போது ஒவ்வொரு குடிக்கும் ஒரு பூசை. குடி என்பது தாய்வழியில் வரும் வம்சம்; தாயின் குடிதான் பிள்ளைக்கும். அதனால் பூசைக்காக எங்கள் குடி கட்டும் வரியின் பட்டியலில், ஒரு பெண் எந்த வயிற்றுவார், அதாவது குடிக்குள் எந்தத் தாய்வழிக் கிளை என்பதை அவளுடைய தாயின் நிரையிலிருந்துதான் ஷீட் எடுத்துக் காட்டும். தாய் காலமாகி முப்பது வருடம் ஆனாலும் அந்த நிரை வேண்டும். கொப்பியில் கிடந்த 212 பெயர்களையும் இரண்டு மாதம் இரவிரவாக இருந்து ஏற்றினவள் நான்.

கனடாவில் இருக்கும் மச்சான் ஒருவர், காலமானவர்களும் வெளிநாடு போனவர்களும் நடுவில் நிற்பது குழப்பமாக இருக்கிறதென்று 41 முதல் 58 வரை மறைத்துவிட்டார். நல்லெண்ணத்தில் செய்தது, அவரைக் குறை சொல்லவில்லை. மறைத்த நிரைகளையும் கூட்டல் சூத்திரம் சேர்த்தே கூட்டும். ஆகவே மொத்தம் மாறவில்லை, யாருக்கும் தெரியவும் இல்லை. அடுத்த கிழமை ஊரில் இருக்கும் இன்னொரு தம்பி, 40ஆம் நிரையும் அதற்குக் கீழே தெரிந்த நிரையும் இரண்டு தடவை பதிந்த பெயர்கள் என்று கண்டு, இரண்டையும் சேர்த்து இழுத்து நீக்கினார். அந்தக் கீழ் நிரையின் இலக்கம் 59. ஓரத்தில் 40க்குப் பிறகு 59 என்று இலக்கம் தாவுவதையும், அந்த இடத்தில் நிற்கும் சின்ன அம்புக்குறியையும் அவர் கவனிக்கவில்லை. இரண்டு நிரை என்று நினைத்து நீக்கியதில் இருபது போய்விட்டது.

சடங்குக்கு ஐந்து நாள் இருக்கும்போது மாமி ஒருவர் படலையைத் திறந்துகொண்டு வந்தார். "என்ன புள்ள, எங்கட அம்மாட பேரக் காணல்லயாமே?" போனில் திறந்து பார்த்தேன். மாமியின் நிரையில் வயிற்றுவார் இருக்கவேண்டிய கட்டத்தில் 'ரெஃப்' என்ற பிழை நின்றது; சூத்திரம் தேடுகிற நிரை இல்லாமல் போனால் வருவது அது. கீழே மொத்தத்தில் 21,000 ரூபாய் குறைவு. 3,000 வீதம் கட்டிய ஏழு வெளிநாட்டுக் குடும்பங்களும் அந்த இருபதுக்குள். மாமி அழவில்லை, ஆனால் தேத்தண்ணீர் குடிக்காமல் எழுந்து போனார்.

மீட்டது இப்படி. ஃபைல் மெனுவில் வெர்ஷன் ஹிஸ்டரி, அதாவது ஷீட் முன்பு இருந்த நிலைகளின் பதிவு, இருக்கிறது. ஆனால் பழைய வெர்ஷனை அப்படியே ரிஸ்டோர் செய்யாதீர்கள்; அதற்குப் பிறகு மற்றவர்கள் பதிந்த பணமெல்லாம் ஷீட்டிலிருந்து போய்விடும். அந்த வெர்ஷனுக்குத் தனியாக ஒரு பிரதி எடுத்து, அதிலிருந்து தொலைந்த நிரைகளை மட்டும் கொண்டுவந்து ஒட்டினேன். பிழை விழுந்த கட்டங்களுக்குச் சூத்திரத்தைத் திரும்ப எழுதவேண்டி வந்தது.

இப்போது 'நிலை' என்று ஒரு நிரல் வைத்திருக்கிறேன்: ஊரில், வெளிநாடு, காலமானார். டேட்டா மெனுவில் கிரியேட் ஃபில்டர் வியூ போட்டு, 'ஊரில்' மட்டும் தெரியும்படி பெயரிட்டுச் சேமித்திருக்கிறேன். அதைத் திறந்தவருக்கு மட்டும்தான் மற்ற நிரைகள் மறையும். சாதாரண ஃபில்டர் வேறு. அதைப் போட்டால் எல்லாருக்கும் மறையும், பலர் இதில்தான் தடுமாறுகிறார்கள். கையாலோ சாதாரண ஃபில்டராலோ மறைந்த நிரைகளை விட்டுக் கூட்டவேண்டுமென்றால் சம் சூத்திரம் வேண்டாம், சப்டோட்டல் சூத்திரத்தில் 109 என்ற இலக்கத்தைப் போடுங்கள். தாய்மார் நிரைகளை மற்றவர்கள் மாற்றாதபடி புரொடெக்ட் செய்தும் விட்டேன். இன்னொன்று: மறைத்தது இரகசியம் ஆகாது. பார்க்க மட்டும் உரிமை கொடுத்தாலும், பிரதி எடுக்க முடிந்தவர் அதில் மறைத்ததைத் திறந்து பார்த்துவிடலாம். அடையாள அட்டை இலக்கங்களை வேறு ஃபைலில் வையுங்கள்.

எக்ஸெல்லில் செய்தால் இந்தத் தொல்லையே இல்லை என்று யாராவது எழுதுவீர்கள். கையால் மறைத்த நிரைகளை நடுவில் விட்டு இழுத்து நீக்கினால் எக்ஸெல்லிலும் அவை சேர்ந்தே போகும். ஐம்பதாயிரம் நிரை வைத்திருக்கும் கம்பனிக்காரருக்கு நான் சொல்லவில்லை. குடியெல்லாம் இந்தக் காலத்தில் எதற்கு என்பவர்களிடமும் வாதாட வரவில்லை.

ஆனால் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. குடி பெண் வழியாக வருகிறது, பட்டியலைப் பார்ப்பதும் பெண். சடங்கு நோட்டீஸில் மட்டும் புருஷன்மாரின் பெயர்தான் அடிக்கிறார்கள். மூன்று வருடமாகக் கேட்கிறேன். "அடுத்த முறை பார்ப்பம்" என்கிறார்கள். நீக்கிய இருபது நிரைகளில் பதினொன்று காலமான பெண்களுடையவை. அந்தப் பெயர்கள் எழுதியிருந்த வேறு ஓர் இடம் என்றால், என்னிடம் இருக்கும் கரையான் அரித்த அந்தக் கொப்பி மட்டும்தான்.

சடங்குக்குக் கோயில் கதவு திறப்பதற்கு முதல்நாள் ஷீட்டின் வெர்ஷனுக்கு அந்த வருடத்தின் பெயரைக் கொடுத்து வைக்கிறேன். மாமியையும் பக்கத்தில் இருத்தி, அவருடைய தாயின் நிரையைக் காட்டிவிட்டுத்தான் மூடுவேன்.