பழைய எஸ்யூவிக்குப் பெரிய பழுதுச் செலவு: செய்வதா, விற்பதா?

கேள்வி: என்னிடம் 12 ஆண்டுப் பழைய டீசல் எஸ்யூவி ஒன்று இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இதுவரை 1,70,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஏற்றத்தில் கிளட்ச் நழுவுகிறது, பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் தடதடக்கிறது, ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது விசில் அடிப்பது போல் ஒரு சத்தமும் வருகிறது. டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ரசீது இல்லை. வண்டி நல்ல நிலையில் இருந்தால் விற்கக்கூடிய விலையை 100 பங்கு என்று வைத்துக்கொண்டால், ஒர்க்‌ஷாப் கொடுத்த எஸ்டிமேட் 45 பங்கு வருகிறது: கிளட்ச் 16, டைமிங் பெல்ட் 9, முன் சஸ்பென்ஷன் 9, டர்போ 11. இவ்வளவு கொட்டுவதை விட, இதைத் தள்ளிவிட்டுக் கடன் போட்டு 5 ஆண்டு ஓடிய வண்டி ஒன்றை வாங்கலாம் என்கிறார்கள் வீட்டில். எது சரி? செலவு செய்வதென்றால் ஒர்க்‌ஷாப் தரும் தவணை வசதியை எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: தொகையாகச் சொல்லாமல் பங்காக எழுதியது நல்லதாயிற்று, ஏனெனில் உதிரிபாக விலையும் கூலியும் இடத்துக்கு இடம் மாறும், பங்காக வைத்தால் ஒப்பிடுவது எளிது. வண்டி விலையில் ஏறக்குறைய பாதியைப் பழுதுக்கே கொடுப்பதா என்ற தயக்கம் இயல்பானதுதான். ஆனால் வண்டியின் விலையோடு பழுதுச் செலவை ஒப்பிட்டு முடிவெடுக்க முடியாது. இந்த வண்டியை வைத்திருந்தால் அடுத்த மூன்று ஆண்டுகளில் உங்கள் கையை விட்டு எவ்வளவு போகும், மாற்றினால் எவ்வளவு போகும் என்ற இரண்டையும் எதிரெதிரே வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அந்தக் கணக்கைப் போடுமுன் எஸ்டிமேட்டைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம். நான்கு வேலைகளும் ஒரே தாளில் இருந்தாலும் ஒரே அவசரம் கொண்டவையல்ல. இன்ஜினின் பிஸ்டன்களையும் வால்வுகளையும் ஒத்திசைந்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட் முதலிடம் பெறுகிறது. வண்டி இன்று நன்றாகத்தான் ஓடுகிறது, பெல்ட்டால் எந்தத் தொந்தரவும் தெரியவில்லை என்பதால் பலரும் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். ஆனால் பெரும்பாலான டீசல் இன்ஜின்களில் பெல்ட் அறுந்த கணத்தில் பிஸ்டன்கள் திறந்திருக்கும் வால்வுகளில் மோதி அவற்றை வளைத்துவிடும், அதன் பிறகு 9 பங்கில் முடிந்திருக்க வேண்டிய வேலை சிலிண்டர் ஹெட்டைக் கழற்றும் அளவுக்கும், சில சமயம் இன்ஜினையே மாற்றும் அளவுக்கும் போய்விடும். தயாரிப்பாளர்கள் இதற்குக் கிலோமீட்டர் கெடு, ஆண்டுக் கெடு என்று இரண்டையும் தருகிறார்கள்; எது முதலில் வருகிறதோ அதுவே கணக்கு. ரசீது இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே கொள்ள வேண்டும். உங்கள் இன்ஜினில் அதே பெல்ட்டால் வாட்டர் பம்ப்பும் சுழல்கிறது என்றால், பம்ப்பையும், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். பம்ப் மட்டும் பிறகு ஒழுகத் தொடங்கினால் இதே கூலியை மறுபடியும் கொடுக்க நேரும்.

கிளட்சிலும் கூலிதான் பெரிய பங்கு, கியர்பாக்ஸைக் கீழே இறக்காமல் அந்த வேலையைச் செய்ய முடியாது. அப்படி இறக்கும்போது இன்ஜினின் பின்பக்க ஆயில் சீல் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிடும். சீலின் விலை அற்பம், தனியாகப் பிறகு மாற்றினால் கூலி பெரிது. எஸ்டிமேட்டில் அது சேர்ந்திருக்கிறதா, டூயல் மாஸ் ஃப்ளைவீல் (அதிர்வைத் தணிக்கும் இரட்டைச் சுழல்சக்கரம்) உள்ள வண்டி என்றால் அதுவும் அடங்கியிருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஃப்ளைவீலைச் சேர்க்காமல் குறைவாகக் காட்டப்படும் எஸ்டிமேட், கியர்பாக்ஸ் இறங்கிய பிறகு, நீங்கள் மறுக்க முடியாத நிலையில், ஏறிவிடுவது வழக்கம்.

சஸ்பென்ஷன் பாதுகாப்பு தொடர்பானது. சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் பால் ஜாயின்ட் முழுவதும் தேய்ந்து கழன்றால் சக்கரம் மடங்கிவிடும், ஆகவே அதை ஒத்திப்போடக் கூடாது. வெடித்த ரப்பர் புஷ்கள் மட்டும்தான் என்றால் சில மாதம் பொறுக்கலாம். எது என்று ஜாக்கி வைத்துச் சக்கரத்தை அசைத்துக் காட்டச் சொல்லுங்கள், ஆட்டம் இருந்தால் உங்கள் கண்ணுக்கே தெரியும்.

இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ விஷயத்தில்தான் எனக்குச் சந்தேகம். விசில் சத்தம் வந்தவுடன் டர்போவை மாற்றச் சொல்வது எளிது. ஆனால் டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் குழாய் வெடித்தோ கிளாம்ப் தளர்ந்தோ காற்று கசிந்தாலும் அதே சத்தம் வரும், இழுவையும் குறையும். குழாய்க்குள் லேசாக ஆயில் படிந்திருப்பது மட்டும் டர்போ கெட்டதற்குச் சான்றாகாது. குழாய்களைக் கழற்றிப் பார்த்து, டர்போவின் ஷாஃப்ட்டை விரலால் அசைத்து, இறக்கைகள் உறையில் உரசிய தடம் இருக்கிறதா என்று காட்டிய பிறகே அந்த 11 பங்குக்குச் சம்மதியுங்கள். குழாயோடு முடிந்தால் அது 1 அல்லது 2 பங்காகச் சுருங்கிவிடலாம்.

இனி கணக்குக்கு வருவோம். உங்களுக்குப் பாதகமாகவே, முழு 45 பங்கையும் எடுத்துக்கொள்கிறேன். பின்வரும் எண்கள் என் அனுமானங்கள், உங்கள் எண்களை இட்டு நீங்களே திருத்திக்கொள்ளலாம். இந்தக் கோளாறுகளோடு விற்றால் வாங்குபவரின் மெக்கானிக்கும் அதே தடதடப்பைக் கேட்பார் என்பதால் 100 கிடைக்காது, 70 என்று வைப்போம். பழுது பார்த்து மூன்று ஆண்டு வைத்திருந்தால் இன்றைய செலவு 45, அதன் பிறகு ஆண்டுக்கு 15 வீதம் பராமரிப்பு 45, வண்டியின் மதிப்பு 70லிருந்து 60க்கு இறங்குவதால் 10, ஆக மொத்தம் 100 பங்கு. மாற்றுவதென்றால், 250 பங்குக்கு வாங்கும் வண்டி மூன்று ஆண்டில் 160க்கு இறங்கினால் தேய்மானம் 90, பழைய வண்டியின் 70 போக 180 பங்குக் கடனுக்கு, குறையும் நிலுவை முறையில் (மீதமுள்ள அசலுக்கு மட்டும் வட்டி) 12 சதவீத வட்டி, 36 மாதம் என்றால் வட்டி மட்டும் ஏறத்தாழ 35, பராமரிப்பு 24, கூடுதல் காப்பீடும் பெயர் மாற்றச் செலவும் 15, ஆக 164 பங்கு. மாதாமாதம் கையை விட்டுப் போகும் பணத்தைப் பார்த்தாலும் கடன் தவணை மாதம் 6 பங்கு, அதாவது முதல் ஆண்டிலேயே 72 பங்கு போகும்; பழுதும் பராமரிப்பும் சேர்ந்து அந்த ஆண்டில் 60தான்.

இரண்டுக்கும் இடையே உள்ள 64 பங்குதான் உங்கள் முடிவைத் தீர்மானிக்கும் எண். இப்போது எஸ்டிமேட்டில் இல்லாத, 64 பங்கை விழுங்கக்கூடிய பெரிய பழுது ஒன்று இந்த மூன்று ஆண்டில் வந்தால் வைத்துக்கொண்டதில் லாபமில்லை, வராவிட்டால் லாபம். அப்படிப்பட்ட பழுதுகள் சிலவே: இன்ஜினின் உள்தேய்மானம், ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டின் அடியிலுள்ள அடைப்புத் தகடு), கியர்பாக்ஸ், நான்கு சக்கர இயக்கத்தில் முன்பின் அச்சுகளுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ், சேசிஸைத் தின்னும் துரு. ஆகவே 45 பங்கைக் கொடுப்பதற்கு முன், சிறு தொகை செலவழித்து இவற்றைச் சோதித்துவிடுங்கள். இன்ஜின் கம்ப்ரஷன் சோதனையில் ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றை விடத் தெளிவாகக் குறைந்து காட்டினாலோ, வெளியே கசிவே இல்லாமல் கூலன்ட் குறைந்துகொண்டே போனாலோ, சூடேறிய பிறகும் நீலப் புகை நிற்காவிட்டாலோ அது எச்சரிக்கை. டிரான்ஸ்ஃபர் கேஸ், டிஃபரன்ஷியல் ஆயிலை இறக்கிப் பார்த்தால் உலோகத் துகள்கள் தெரியும். வடிகால் போல்ட்டின் காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசை ஒட்டியிருப்பது இயல்பு, சில்லுகள் இருந்தால் இயல்பில்லை. சேசிஸில் மேல்துரு பரவாயில்லை, ஸ்க்ரூடிரைவர் முனை உள்ளே இறங்கினால் அந்த வண்டிக்கு ஒரு காசும் போட வேண்டாம்.

சோதனைகள் சாதகமாக வந்தால் பழுது பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், டைமிங் பெல்ட்டிலிருந்து தொடங்குங்கள். பாதகமாக வந்தால் எந்த வேலையும் செய்யாமல், கோளாறுகளை மறைக்காமல் விற்றுவிடுங்கள். விற்பதற்காகப் பழுது பார்த்தால் போட்ட பணம் அப்படியே விலையில் திரும்பி வராது.

தவணை வசதியைப் பொறுத்தவரை, வட்டியில்லை என்று சொல்லப்பட்டாலும் செயலாக்கக் கட்டணம் எவ்வளவு, ரொக்கமாகக் கொடுத்தால் தள்ளுபடி உண்டா என்று கேளுங்கள். விட்டுப்போகும் தள்ளுபடியும் வட்டிதான். இரண்டும் சொற்பமாக இருந்து, ஆறு மாதத்துக்குள் முடியும் என்றால் எடுத்துக்கொள்ளலாம். கிரெடிட் கார்டில் தேய்த்துவிட்டுக் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவரும் எண்ணம் இருந்தால் வேண்டாம், மேற்சொன்ன கணக்கு முழுவதும் அதில் தலைகீழாகிவிடும். அதை விட, பெல்ட்டையும் பால் ஜாயின்ட்டையும் இந்த மாதம் ரொக்கத்தில் முடித்துவிட்டு, கிளட்ச் ஒரேயடியாக நழுவாத வரை சுமை ஏற்றாமல் மெதுவாக ஓட்டி, இரண்டு மூன்று மாதச் சேமிப்பில் அதைச் செய்துகொள்வது மலிவு.